பரக்கீனோவில் ஓம் சொல்லக்கூடாது

மழை பெய்தால் இப்போதும் அந்தப் பெட்டியை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கி மேசையில் வைத்துவிடுகிறேன். மகள் வேலைக்குப் போகாமல் வீட்டில் படுத்திருந்தாலும் அப்படித்தான். மனைவி மேசையைத் துடைத்து இடம் விட்டுத் தருகிறாள். போன மாதம் அவளும் என்னோடு அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள்.

லொறிக்காரர் தங்களுக்குள் கதைக்கிற சிபி வானொலி அது. நாங்கள் இருக்கிற இந்தச் சிசிலி ஊரில் அதைப் பரக்கீனோ என்பார்கள். நகரத்தின் ஓரத்தில், சியாகுல்லியில் மந்தரின் தோடம்பழத் தோட்டம் வைத்திருந்த ஒரு சிஞ்ஞோரிடம், அதாவது முதலாளியிடம், முதலில் பழம் ஆய்ந்தேன். லைசென்ஸ் எடுத்த பிறகு லொறிச் சாவியைத் தந்தார். பழப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் பின்னாலுள்ள ஊர்களுக்குப் போய்வருவது வேலை. மலை ஏறத் தொடங்கினால் கைபேசி செத்துவிடும். கீழே நகரத்தில், ஒரேத்தோவில் வீட்டில் இருக்கும் மனைவிக்கு அதற்குப் பிறகு சோறு இறங்காது. வன்னியிலிருந்து வந்தவர்கள் நாங்கள். வெளியே போனவர் திரும்பி வருவார் என்பதை நாங்கள் சும்மா நம்புவதில்லை.

லொறியில் ஒரு பழைய பரக்கீனோ ஏற்கனவே இருந்தது. முன்பு ஓட்டியவர் விட்டுப்போனது. வீட்டுக்கு இன்னொன்றை ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிலத்தில் பழைய சாமான் பரப்பி விற்கிற ஒருவரிடம் வாங்கினேன். பல்கனிக் கம்பியில் ஓர் அன்ரனாவைக் கட்டி அதோடு இணைத்தேன். முதல் நாள், மலையடிவாரத்தை எட்டுமுன்பே மனைவியின் குரல் இரைச்சலுக்குள் கரைந்து போனது.

புதிது வாங்க வழியில்லை. இருப்பதைத்தான் திருத்த வேண்டும். அது எனக்குப் புதிதும் அல்ல. பற்றரி கிடைக்காத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட சனம் நாங்கள். பெட்டியில் பிழை தேடுமுன் வயரில் தேட வேண்டும் என்பதை அப்போதே பழகியிருந்தேன்.

அந்தக் குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் மூக்கில் முதலில் வருவது மந்தரின் தோல் மணம்தான். தோட்டத்து வேலியோரம் லொறியை நிறுத்திவிட்டு நானும் மகளும் வேலை செய்வோம். அவள் அப்போது ஐந்தாம் வகுப்பு. பெட்டிக்கு மின்சாரம் சிகரெட் பற்றவைக்கிற துளையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதைக் கழற்றி, பற்றரியிலிருந்து நேரே ஒரு வயரை இழுத்து, நடுவில் ஃபியூஸ் போட்டேன். எஞ்சினோடு சேர்ந்து ஊளையிட்ட சத்தம் பாதியாகக் குறைந்தது. அன்ரனா பக்கக் கண்ணாடியின் தாங்கியில் பெயின்ற்றுக்கு மேல் பூட்டப்பட்டிருந்தது. இரும்பு இரும்பைத் தொடாவிட்டால் அன்ரனா அரை வேலைதான் செய்யும். பெயின்ற்றைச் சுரண்டி, தாங்கியிலிருந்து லொறியின் உடம்புக்கு ஒரு தடித்த வயரும் பூட்டினேன்.

அதே தோட்டத்தில் மற்ற லொறியை ஓட்டிய சிசிலியர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். "சிஞ்ஞோர் கண்டால் உன்னையும் இப்படித்தான் சுரண்டுவார்" என்று இத்தாலியனில் சொல்வார். சொல்லிவிட்டுத் தன் வண்டியிலிருந்து ஒரு சின்ன மீட்டரைக் கொண்டுவந்து இரவல் தந்தார். நாம் அனுப்புகிற சக்தியில் எவ்வளவு போகாமல் திரும்பி வருகிறது என்று அது காட்டும். ஊசி எவ்வளவு கீழே நிற்கிறதோ அவ்வளவு நல்லது. நான் வெளியே நின்று அன்ரனாக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி முறுக்க, மகள் உள்ளே இருந்து ஊசியைப் பார்ப்பாள்.

"அப்பா, ஷெந்தே, ஷெந்தே."

"தமிழில சொல்லு பிள்ளை."

"இறங்குது. இப்ப ஏறுது. தள்ளி நில்லுங்கோ அப்பா. நீங்கள் கிட்ட நிண்டா அது உங்களையும் அன்ரனா எண்டு நினைக்குது."

உண்மைதான். நான் விலகினால் ஊசி மாறியது. முறுக்குவதும் விலகுவதுமாகப் பொழுது போகும். அவள் சீற்றில் காலை மடித்து வைத்துக்கொண்டு பழம் உரித்துத் தின்பாள். கொட்டைகளை எனக்குத் தருவாள்.

மலையின் உச்சியில் ஒரு வளைவு உண்டு. அங்கிருந்து கீழே நகரமும் அதற்கப்பால் கடலும் தெரியும். திருத்தியதன் பிறகு அந்த வளைவிலிருந்து வீட்டுக்குக் குரல் போனது. ஆனால் ஓட்டை ஓட்டையாகப் போனது. நான் ஒரு வசனம் சொன்னால் மனைவிக்கு அரைவாசிதான் கேட்டது. அவள் சொல்வதும் எனக்கு அப்படித்தான். கேபிளை மாற்றினேன். முனைகளைத் திரும்பவும் ஈயம் வைத்து ஒட்டினேன். மீட்டர் எல்லாம் சரி என்றது. குரல் மட்டும் விழுந்து விழுந்து எழும்பியது.

ஒருநாள் பின்னேரம் வளைவில் நிறுத்தியிருந்தபோது பெட்டியில் மகளின் குரல் வந்தது.

"அப்பா, அன்ரனாவில ஒண்டும் இல்லை. அம்மா ஓம் சொல்லுறா."

"என்ன?"

"நீங்கள் கதைக்கேக்கை அம்மா பட்டனை அமத்தி அமத்தி ஓம், ஓம் எண்டுறா. அமத்தினா எங்களுக்குக் கேக்காதெல்லோ. நீங்களும் அதைத்தான் செய்யிறீங்கள்."

எங்கள் சனத்தில் ஒருவர் கதைத்தால் மற்றவர் ஓம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஊருக்குக் கோல் எடுத்து என் அம்மாவோடு கதைக்கும்போது இரண்டு வசனத்துக்கு ஓம் சொல்லாவிட்டால், "லைன் அறுந்துபோச்சோ?" என்று கேட்பா. நேரிலென்றால் கோபம் என்று நினைப்பார்கள். பரக்கீனோவில் பட்டனை அமத்தினால்தான் கதைக்கலாம்; அமத்தியிருக்கும்வரை எதுவும் கேட்காது. நாங்கள் இருவரும் மரியாதையாக ஓம் சொல்லிச் சொல்லி ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தோம்.

சிசிலியருக்குச் சொன்னேன். "என் வீட்டில் பரக்கீனோ இல்லாமலே இதுதான் நடக்கிறது" என்றார்.

அன்றைக்கு மகள் ஒரு சட்டம் போட்டாள். மற்றவர் கதைக்கும்போது கையை மடியில் வைத்திருக்க வேண்டும். கதைத்து முடிந்தால், இங்குள்ள லொறிக்காரர் சொல்வதுபோல் பாஸ்ஸோ என்று சொல்ல வேண்டும். பிறகுதான் மற்றவர். மனைவிக்கு அந்தச் சொல்லை வாயில் எடுத்தாலே சிரிப்பு வரும்.

"இண்டைக்கு என்ன கறி? பாஸ்ஸோ."

"கத்தரிக்காயும் பருப்பும். கெதியா வாருங்கோ. பாஸ்ஸோ."

எத்தனை பின்னேரங்கள் அப்படிக் கழிந்தன. எஞ்சினை நிறுத்திவிட்டு, கீழே விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்த்தபடி, கத்தரிக்காய்க் கறியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பேன். எந்த விளக்கு எங்கள் வீட்டு விளக்கு என்று நானே ஒன்றைத் தீர்மானித்து வைத்திருந்தேன். அதைவிடச் சந்தோஷமாக இந்த ஊரில் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

பிறகு மகள் வளர்ந்தாள். வீட்டுப் பெட்டி அலுமாரிக்கு மேலே போனது. என் முழங்கால் கிளச்சை அமத்த மறுத்தது. படித்து வேறு வேலைக்குப் போவாள் என்று நான் காத்திருக்க, அவள் லொறி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "நீங்கள் ஓட்டின லொறிதானே அப்பா" என்றாள். மனைவி இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. நான் கதைத்தேன். ஆனால் லொறியிலுள்ள பரக்கீனோவைக் கழற்றவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவள் சிரித்தாள். கழற்றவில்லை.

போன மாதம், மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம். மலைக்கு அப்பால் இறக்கிவிட்டுத் திரும்பி வாறன் என்று போனில் சொன்னாள். வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. போன் போகவில்லை. தொலைக்காட்சியில் மலைப்பாதைகளில் மண் சரிகிறது என்றார்கள். பெட்டியை இறக்கினேன். பல்கனியில் அன்ரனா வயரின் முனை பச்சை பிடித்துக் கிடந்தது. மனைவி குத்துவிளக்கு மினுக்குகிற பழப்புளியைக் கொண்டுவந்து தேய்த்து, கழுவி, தன் சீலைத் தலைப்பால் துடைத்துத் தந்தாள். பூட்டினேன். இரைச்சல். பிறகு இரைச்சலுக்கு அடியில் மகள்.

"அப்பா, அம்மா, கேக்குதோ? நான் வளைவுக்குக் கொஞ்சம்..."

"ஓம், ஓம் பிள்ளை, கேக்குது."

பட்டனை விட்டபோது அவள் எதையோ சொல்லி முடித்திருந்தாள். திரும்பக் கேட்டேன். "முன்னுக்கு றோட்டு..." என்று தொடங்கினாள். என் விரல் தானாக அமத்தியது. வாய் ஓம் என்றது. மீண்டும் போய்விட்டது. எங்கே நிற்கிறாள் என்பது மட்டும் வந்து சேரவில்லை. அது தெரியாமல் யாரை எங்கே அனுப்புவது?

மனைவி என் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். "திருப்பிச் சொல்லு பிள்ளை, நாங்கள் பேசாமல் இருக்கிறம். பாஸ்ஸோ" என்றாள். சிரிக்கவில்லை. மைக்கை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கையை மடியில வையுங்கோ."

வைத்தேன். அதன் மேல் தன் கையை வைத்து அமத்திப் பிடித்தாள்.

"வளைவுக்குக் கொஞ்சம் கீழை நிக்கிறன். கடல் பக்கம். கூரை இல்லாத கல்லு வீடு ஒண்டு இருக்கெல்லோ, அதுக்குப் பக்கத்தில. முன்னுக்கு றோட்டு இடிஞ்சு போச்சு. பின்னுக்கும் மண் வந்திட்டுது. லொறிக்கு அடியால தண்ணி ஓடுது. எனக்கு ஒண்டும் இல்லை. நூற்றுப் பன்னிரண்டுக்கு அடியுங்கோ. கேக்குதோ தெரியேல்லை. வளைவுக்குக் கீழை, கல்லு வீடு..."

இரண்டாவது முறையும் முழுவதையும் சொன்னாள்.  நாங்கள் மைக்கைத் தொடவில்லை. வன்னியில் எத்தனையோ சத்தங்களை அசையாமல் இருந்து கேட்டிருக்கிறேன். இதுபோல் ஒன்றைக் கேட்டதில்லை. கடைசியில் "பாஸ்ஸோ" என்றாள். அப்போதுதான் மனைவி என் கையை விட்டாள்.

அந்தக் கல்லு வீட்டை எனக்குத் தெரியும். அவசர உதவிக்கு எடுத்து இடத்தைச் சொன்னேன். இருட்டுமுன் அவளைக் கொண்டுவந்துவிட்டார்கள். லொறியை மூன்று நாள் கழித்துத்தான் எடுக்க முடிந்தது. துவாயால் தலையைச் சுற்றிக்கொண்டு தேத்தண்ணி குடித்தபடி மகள் சொன்னாள்: "நீங்கள் ஓம் சொல்லேக்கைதான் அப்பா எனக்குப் பயமில்லாமல் இருந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. சுவருக்குச் சொல்லுறன் எண்டு நினைச்சன்."



அவள் திரும்பவும் லொறி ஓடத் தொடங்கிவிட்டாள். மலை ஏறுமுன் போன் எடுப்பாள். அவள் குரல் கேட்டதும் என் வாய் கட்டிக்கொள்கிறது; போன் இல்லாத கை தானாக மடிக்குப் போகிறது. ஒரு சொல்லும் தவறிவிடக்கூடாதே என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"அப்பா, லைனில நிக்கிறீங்களோ?"

நான் பேசுவதில்லை. அவள் இன்னும் முடிக்கவில்லையோ என்று பார்க்கிறேன்.

"அப்பா, இது போன். ஓம் சொல்லுங்கோ."