பனைக்கு அங்கால போன ரயில்

சண்டை முடிந்த பிறகு எங்கட பக்கம் அடிக்கடி யாராவது காணி அளக்க வருவார்கள். அளந்தால், பிறகு யாரோ ஒருத்தரின் வீடு போகும். அதனால் அந்த மனிதர் வந்த அன்று நான் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தேன்.

நரைத்த தாடி, வெயிலில் கறுத்த முகம். கையில் அளவு நாடா இல்லை. குதிகாலால் நிலத்தைத் தட்டித் தட்டி நடந்தார். முந்தி உப்பளத்துக்கு ஓடின சின்ன ரயிலின் பாதைக் கல் மண்ணுக்கு அடியில் கிடந்தால் கால் சொல்லுமாம். அப்படியே தட்டிக்கொண்டு வந்து என் குசினிச் சுவரில் முட்டி நின்றார்.

"உம்மா, நான் இந்த ரயில் பாதைட சரித்திரம் எழுதுறன். பாதை உங்கட வீட்டுக்குக் கீழாலதான் போகுது."

"சண்டைக்குள்ள மன்னாரில வீட்டை விட்டுட்டு உடுத்த உடுப்போட வந்தனாங்க, மகன். இதையும் ரயில் காணி எண்டு எடுத்துப் போட்டா நான் எங்க போற?"

முன்பின் தெரியாத ஆம்பிளையோடு அவ்வளவு கதைத்தது எனக்கே புதினம்.

அவர் சுவரைப் பார்த்தார். தள்ளி நின்ற பனையைப் பார்த்தார்.

"சரி உம்மா. பாதை அந்தப் பனைக்கு அங்கால போனதெண்டு எழுதுறன்."

பிளேன்டீ கேட்டுக் குடித்துவிட்டுப் போனார். இதுவரை ஒருவரும் வரவில்லை. ஆனாலும் எனக்கு நிம்மதியில்லை. யாரோ ஒரு கிழவிக்காகச் சரித்திரத்திலேயே பொய் எழுதுகிறவர், அந்தக் கிழவியிடம் மட்டும் உண்மை சொல்லியிருப்பாரா?