லோகநாதனின் பதினான்கு நாட்கள்

எந்தப் பட்டுச் சேலையைக் கொடுத்தாலும் அதன் ஓரத்தை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, இது இன்னார் வீட்டுத் தறி என்று நெசவாளி லோகநாதன் சொல்லிவிடுவார். எப்படி என்று கேட்டால் அவருக்கே தெரியாது. "பாத்துப் பாத்து வந்துட்ச்சி" என்பார். மற்றபடி ஆரணியில் அவரைப் பற்றிப் பேச யாருக்கும் எதுவும் இருந்ததில்லை.

1977 புரட்டாசியில் ஒரு காலை, தெருவில் நடந்து வந்தவரின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டு ஒரு நாய் ஓடியது. அவர் அதைச் சீண்டவில்லை, அது குரைக்கவுமில்லை. கடித்த நாய் பத்து நாள் நன்றாகத் திரிந்தால் வெறிநோய் பயமில்லை என்றார்கள். ஆனால் அந்த நாயை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவி, தொப்புளைச் சுற்றித் தினம் ஒன்றாகப் பதினான்கு ஊசி என்று சீட்டு எழுதினார்கள்.

குழித்தறியில் உட்காருபவனுக்கு வயிற்றை ஒட்டியே படமரம் இருக்கும். நெய்த சேலை அதில்தான் சுற்றிக்கொள்ளும். ஒவ்வொரு இழைக்கும் குனிந்து நிமிர வேண்டும். நாலாம் நாளே வயிறு புளியங்காய் புளியங்காயாக வீங்கிவிட்டது. தறியிலோ ஐப்பசி முகூர்த்தத்துச் சேலை. நாள் தப்பினால் முதலாளி அடுத்த சேலைக்கான பாவு நூலை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்.

ஏழாம் ஊசி போட்டுக்கொண்டு வந்த அன்று, மனைவி கமலத்திடம் காலை நீட்டிக் காட்டினார்.

"பாரு, காயம் காஞ்சிப்போச்சி. உடம்பே பாத்துக்கிச்சி. நாளையிலேர்ந்து போவல."

கமலம் மறுநாள் காலையில் அவரை அழைத்துக்கொண்டு தானும் கிளம்பிவிட்டாள். ஊசி போடுகிற நர்ஸ் கண்ணகி, பக்கத்துச் சேத்துப்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும்.

"ஆறினது தோலுங்க. கிருமி அங்கியே குந்திகினு இருக்குமா? நரம்புல பூந்து மெள்ள மெள்ள மூளைக்கு நடந்துகினு போவும். உள்ள பூந்துட்டா, ரத்தத்துல காவல் காக்கறதுங்க கண்ணுல படாது. மூளைக்குப் போனப்புறம் தெரிஞ்சி இன்னா புண்ணியம்?"

"அப்ப இந்த ஊசி?" என்றார் லோகநாதன்.

"இதுல இருக்கறதும் அதே கிருமிதான், செத்தது. 'இதான் ஆளு, நல்லா பாத்து வெச்சிக்கோ'ன்னு உடம்புக்குக் காட்டறோம். புது ஆளுன்னா, அவனைப் புடிக்கிற சத்து ஊற நாளாவும். அவன் மூளைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள இது ஊறணும்."

"ஏழு தரம் காட்டியாச்சேம்மா."

"பாதி மூஞ்சி பாத்தவன் திருடனைப் புடிப்பானா? சட்டையைத் தூக்குங்க."

எட்டாவது ஊசி இறங்கியது. லோகநாதன் கமலத்தோடு வீட்டுக்கு நடந்தார். நர்ஸ் சொன்னதை அப்படியே நம்பிவிடும் ஆள் இல்லை அவர். ஆனால் தன் விரல்களை நம்பினார். ஒரு வீட்டுச் சேலையின் ஓரம் இன்னது என்று முதல் தடவையிலா அவற்றுக்குத் தெரிந்தது? எத்தனை முறை தொட்ட பிறகு, எந்த நாளில் என்று தெரியாமல் ஒருநாள் தெரிந்தது. உடம்பும் அப்படித்தான் கற்கும் என்றால், அதற்குரிய நாட்களைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

"தறியில நான் எறங்கறேன்" என்றாள் கமலம். "நீங்க தார் சுத்துங்க."

ஊடுநூலைக் குச்சியில் சுற்றித் தரும் அந்த வேலையை அந்தத் தெருவில் ஆண்கள் செய்து பார்த்தவர் இல்லை. ராட்டையோடு வாசலில் உட்கார்ந்ததும் எதிர்வீட்டு வேலு வந்து நின்றான்.

"இன்னாண்ணே, ராட்டைக்கு பிரமோஷனா?"

"ஆமாண்டா. புது முதலாளியம்மா, ரொம்ப கறாரு."

உள்ளே குழியிலிருந்து குரல் வந்தது: "தாரைக் காணோம், பேச்சு மட்டும் வருது!"

பதினான்காவது ஊசியும் முடிந்தது. சேலையும் நாளுக்குள் அறுத்துக் கொடுக்கப்பட்டது. முதலாளிக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. லோகநாதன் மட்டும் ஓரத்தைத் தடவிக்கொண்டே போய் ஓர் இடத்தில் விரலை நிறுத்தினார். கமலம் தறியில் இறங்கிய இடம் அது.

பயம் அத்தோடு போய்விடவில்லை. அந்த நோய் வந்தவனுக்குத் தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுத்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டிருந்தார். தினமும் விடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துச் சற்றுப் பார்ப்பார், பிறகு குடிப்பார். தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. மறு தீபாவளிக்குள் பார்ப்பதை மறந்துவிட்டு வெறுமனே குடிக்க ஆரம்பித்தார்.

"அது வெறிநாயே இல்லண்ணே. சும்மா குத்திகினே நீ" என்பான் வேலு.

வராமல் போன சாவுக்குச் சாட்சி ஏது? உள்ளே போர் நடந்ததா, எதிரியே வரவில்லையா என்று உடம்பு சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்ததாக லோகநாதனும் சொல்லவில்லை.

1984இல் ஒரு காலை வேலு நொண்டிக்கொண்டு வந்தான். முழங்காலுக்குக் கீழே ரத்தம். முகத்தில் தமாஷ் இல்லை.

"அண்ணே, அந்த நர்சம்மா இன்னும் கீறாங்களா?"

"யார் இருந்தா இன்னா, ஊசி இருக்கும். சோப்பு போட்டுக் கழுவினியா?"

கழுவவில்லை. குழாயடியில் உட்காரவைத்து லோகநாதனே வெகுநேரம் கழுவிவிட்டார். பிறகு சைக்கிளை எடுத்தார். "குந்து, ஜல்தி."

பாதி வழியில் பின்னாலிருந்து வேலு மெதுவாகச் சொன்னான்: "அன்னிக்கி ராட்டையைப் பாத்து ஒரு தமாசுக்குத்தாண்ணே சொன்னேன்."

"தெரியும்" என்றார் லோகநாதன், மிதித்துக்கொண்டே. "உன் பொண்டாட்டிக்குத் தறி ஓட்டத் தெரியுமா?"