தையலுக்கு விட்ட இடம்

நடைபாதையில் மண்டியிட்டு, கழுத்தில் தொங்கும் டேப்பைச் சர்ரென்று இழுத்து, கோடு போட ஆரம்பித்துவிட்டார். ஆறடி அகலம், எட்டடி நீளம். தன் தையல்கடையில் துணி மேல் குறியிடும் அதே சாக்கட்டிதான். வெள்ளிக்கிழமை நான்கு மணி வெயில். எதிரே சிறையின் இரும்புக் கதவு. உதட்டில் குண்டூசியைக் கவ்வியபடியே, பதாகை பிடித்து நிற்பவரை நிமிர்ந்து பார்த்து, "மூணாவது பட்டன் தொங்குதுங்க. இப்பவோ அப்பவோ விழுந்துரும்" என்கிறார்.

கோடு போடும் அவர் எல்லோருக்கும் டேப் அக்கா. ஐம்பதை நெருங்கும் வயது. எதிரில் மிஷின் இல்லாதபோதும் வலது கால் மிதித்துக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டம் தாங்காமல் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து போயிருக்கிறார்கள். ஆட்களை அவர் முகத்தால் நினைவு வைப்பதில்லை, அளவால்தான். "யாரு, அந்த முப்பத்தெட்டு இடுப்பா?" என்று ஒரு வக்கீலைப் பற்றி அவர் முன்னாலேயே கேட்டிருக்கிறார்.

பதினாறு வாரங்களாக, வெள்ளிக்கிழமைதோறும் இங்கே கூடுகிறார்கள். கோஷம் கிடையாது. சித்திரவதையை நிறுத்து, தனிமைச் சிறையை நிறுத்து என்று ஒரே ஒரு பதாகை. சிறை அறையின் அளவில் போட்ட கட்டத்துக்குள் ஒருவர் ஒரு மணி நேரம் பேசாமல் நிற்க வேண்டும்; மற்றவர்கள் சுற்றி நிற்பார்கள். நேரம் பார்ப்பவர் ஓய்வுபெற்ற தபால்காரர். கட்டத்தைப் போடும் டேப் அக்கா மட்டும் அதற்குள் ஒரு மணி நேரம் முழுதாக நின்றதில்லை. அதிகபட்சம் இருபத்துமூன்று நிமிடம். அன்றைக்கு யாரோ குடையை மடிக்கத் தெரியாமல் திண்டாடியதைப் பார்க்கப் பொறுக்காமல் வெளியே வந்துவிட்டார்.

"உன்னை உள்ள போட்டா அவங்களே கதவைத் திறந்து போம்மான்னு அனுப்பிருவாங்க" என்பார் தபால்காரர்.

"கால் ஆடுதுண்ணே. வெட்டியா எறிய முடியும்?"

இந்த வாரம் அந்தப் பேச்சுக்கு அவர் சிரிக்கவில்லை. உள்ளே, தனி அறையில், பதினான்கு மாதமாக இருப்பது அவருடைய தம்பி. வழக்கு இன்னும் விசாரணைக்கே வரவில்லை. மாதத்துக்கு ஒரு முறை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பத்து நிமிடம் பார்க்கலாம். போன மாதம் அவன் காலர் கழுத்தைவிட்டு இரண்டு அங்குலம் தள்ளி நின்றது. "அடிக்கிறாங்களாடா?" என்று கேட்டார். அவன் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டான். என்ன பேசுவதென்று தெரியாமல் வெள்ளிக்கிழமைகளைப் பற்றிச் சொல்லி வைத்தார்.

"நீயும் நின்னியாக்கா?"

"நின்னேன்டா. முழுசா ஒரு மணி நேரம்."

"நீயா!" என்று சிரித்தான். பதினான்கு மாதத்தில் அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் பொய்க்குக் கிடைத்த சிரிப்பு. நாளை மறுபடி பார்க்கும் நாள். பொய்யோடு போய் அந்தக் கண்ணாடி முன்னால் உட்கார அவருக்கு மனம் வரவில்லை. இன்று எப்படியும் நின்றுவிட வேண்டும்.

கோடு முடிந்ததும் கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒருவர் வந்தார். பெயின்டர். இதே சிறையில், அதே மாதிரி அறையில் ஒன்பது மாதம் இருந்துவிட்டுப் போன வாரம் வெளியே வந்தவர். டேப் அக்காவின் கண் தானாக அளந்தது: வலது தோள் ஓர் அங்குலம் இறக்கம்.

"கட்டித் தொங்கவிட்டாங்க" என்றார் அவர், கேட்காமலே. குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல்.

கட்டத்துக்குள் போய்க் கைகளை விரித்தார். வலது கை தோள் மட்டம் வரை வந்து அங்கேயே நின்றது.

"அக்கா, இது பெருசு."

"ஆறடிங்க. டேப் பொய் சொல்லுமா?"

"உள்ள இப்படி விரிச்சா ரெண்டு பக்கமும் விரல் நுனி சுவத்துல முட்டும். இங்க காத்துதான் முட்டுது."

டேப் அக்கா மறுபடி அளந்தார். ஆறடி நான்கு அங்குலம். நீளத்திலும் அப்படியே, நான்கு அங்குலம் கூடுதல். ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டு அங்குலம். முப்பது வருடமாகத் துணி வெட்டிய கை, தையலுக்கென்று ஓரத்தில் விடும் இடத்தை இங்கேயும் விட்டிருக்கிறது. பதினாறு வாரமும் விட்டிருக்கிறது.

"நாலு இஞ்ச்தானேம்மா, விடு" என்றார் தபால்காரர். "யாருக்குத் தெரியப்போகுது?"

"துணின்னா பிரிச்சு விட்டுக்கலாம்ணே. சுவத்தைப் பிரிக்க முடியுமா?"

உள்ளங்கையாலேயே கோட்டை அழித்தார். தரை சுட்டிருக்கும். இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி, நான்கு பக்கமும் புதிதாகப் போட்டார். டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றிச் சுருட்டிப் பெயின்டரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் நின்றார். தபால்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

முதலில் கழுத்து அரித்தது. பிறகு கழுத்தில் இல்லாத டேப்பை விரல்கள் தேடின. சிறைக் கதவின் சின்னத் துவாரம் திறந்து யாரோ பார்த்துவிட்டு மூடினார்கள். பதினெட்டாவது நிமிடத்தில், பதாகைக்காரரின் மூன்றாவது பட்டன் விழுந்து, உருண்டு, கோட்டைத் தாண்டி டேப் அக்காவின் செருப்பருகே வந்து படுத்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பட்டனைப் பார்த்தார். குனியவில்லை.

இருபத்துமூன்றாவது நிமிடம் வலது கால் மிதிக்கத் தொடங்கியது. டேப் அக்கா இடது காலைத் தூக்கி அதன் மேல் வைத்து, முழு எடையையும் போட்டு அழுத்திக்கொண்டார்.