இரண்டு கையையும் பார்க்க வேண்டும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கத்தில் திருத்தணி ஆஸ்பத்திரியில் நர்சு வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. மிஷன் ஆஸ்பத்திரியில் படித்துவிட்டு வந்தவள். இரண்டு நர்சு இருக்க வேண்டிய இடத்தில் நான் ஒருத்திதான். கல்யாணம் செய்துகொண்டால் வேலை போய்விடும். டாக்டரைக் கேட்காமல் அரக்கோணம்கூடப் போகக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். பிரசவம் பார்க்கிறவள், தீட்டு என்று அக்கம்பக்கத்தார் யாரும் அந்த வாசலை மிதிக்கவில்லை. நாளெல்லாம் நூறு பேரோடு பேசுவேன். எல்லாம் "நாக்கை நீட்டு", "கையைக் காட்டு" தான்.

ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் காலரா ஊசி. ஊசி போட்டதற்கான சீட்டு இல்லாதவர்களை ரயிலேற விடமாட்டார்கள். விடிந்ததிலிருந்து நின்றபடியே குத்திக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் வரிசையில் எல்லாம் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். ஒரு முகமும் மனதில் நிற்கவில்லை.

அப்படி ஒரு மொட்டைத் தலையோடு ஓர் அம்மா வந்து நின்றார்; மணவூர் முனியம்மா என்று பிறகுதான் தெரிந்தது. "காலையிலயே போட்டுக்கினேன் நர்சம்மா. கொளத்துல முழுகறப்ப சீட்டு கரைஞ்சி பூட்சி."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. கையை நீட்டு."

இடது கையை நீட்டினார். குத்திவிட்டேன். புதுச் சீட்டை வாங்க வலது கையைத் தூக்க முடியாமல் அவர் முகம் சுளித்தபோதுதான் பார்த்தேன். தோளுக்குக் கீழே வீங்கியிருந்தது. காலையில் நானே போட்ட ஊசி. அப்போது அவருக்கு முடி இருந்தது.

சாயங்காலத்துக்குள் காய்ச்சல் அனலாய் அடித்தது. டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

"அந்தம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் வேலை போறதோட நிக்காது" என்றார்.

வார்டில் இடமில்லை. என் அறைக்கே கூட்டிப்போய் என் கட்டிலில் படுக்க வைத்தேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். செத்துப்போவாரோ என்று அதைவிடப் பயந்தேன்.

மறுநாள் மதியம் ஈரத்துணி மாற்றும்போது கண் திறந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எதுனா துன்னியாம்மா?" என்று கேட்டார்.

"நான்தாம்மா உங்களுக்கு ரெண்டு தடவை ஊசி போட்டுட்டேன்."

"ஆங், தெரியும். துன்னியான்னு கேட்டேன்."

அழுதுவிட்டேன். கஞ்சி காய்ச்சினேன். ஒரே சட்டியிலிருந்து இருவரும் குடித்தோம். காய்ச்சல் விட்டு, மூன்றாம் நாள் ரயிலேறிப் போனார்.

புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்குச் சொல்கிறேன்: ஊசியை எடுக்குமுன் இரண்டு கையையும் பாருங்கள். எதிரில் நிற்பவர் சொல்வதைக் காதில் வாங்குங்கள். அந்த ஊரில் மூன்று வருஷம் இருந்தேன். சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.