அனுமதியில்லாமல் நீட்டிய கம்பி

தபால் கந்தோரில் ரேடியோ லைசென்ஸ் புதுப்பிக்கப் போனால் இன்றைக்கும் "கம்பியில்லாத் தந்தி" என்று அச்சடித்த தாளைத்தான் தருகிறார்கள். பாட்டுக் கேட்கிற பெட்டியில் தந்தி எங்கே இருக்கிறது? கேட்டால், சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். வெள்ளைக்காரன் தன் பயத்தில் எழுதிய சட்டம். அவன் போய்விட்டான், அவன் சொல் போகவில்லை. அந்தச் சொல்லால் என் வீட்டுக்குள் பொலிஸ் வந்தது.

வெள்ளைக்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் சண்டைக் காலம். துறைமுகத்தில் குண்டு விழுந்த பிறகு திருகோணமலையில் பாதிச் சனம் ஊரை விட்டுப் போய்விட்டது. மிஞ்சியவர்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டோம். யன்னலில் வெளிச்சம் தெரிந்தால் ஜப்பான்காரனுக்குச் சைகை காட்டுகிறான். கடற்கரையில் சும்மா நின்றால் கப்பல் எண்ணுகிறான். என் கணவர் குண்டு விழுந்த அன்றே, "நாங்களும் போக மாட்டுவண்டில் ஒண்டு பாத்துக்கொண்டு வாறன்" என்று போனவர். திரும்பி வரவில்லை. நான் தனியே கிடந்தேன்.

ஒருநாள் காலையில் பறங்கி இன்ஸ்பெக்டர் ஒருவர் பொலிஸ்காரர்களோடு வாசலில் வந்து நின்றார். நல்லாகவே தமிழ் கதைத்தார்.

"அனுமதியில்லாமல் கம்பி நீட்டி, கம்பியில்லாத் தந்தி வைச்சிருக்கிறதாக முறைப்பாடு."

"கம்பியில்லாத் தந்திக்கு என்னத்துக்கு ஐயா கம்பி?" என்று கேட்டேன்.

வாயை மூடச் சொன்னார். கூரையில் ஏறி ஓடு பிரித்தார்கள். குசினியில் அடுப்பைக் கிளறினார்கள். ஒன்றும் கிடைக்காமல், முற்றத்தில் உடுப்புக் காயப்போடக் கட்டியிருந்த கம்பியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். முன்வீட்டு அக்கா வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். இவள்தான் பொலிசுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்று அப்போதே நினைத்தேன்.

அதே கிழமைக்குள் என் கணவர், முப்பது மைலுக்கு மேலே தள்ளியிருக்கிற வெருகல் பக்கத்திலிருந்து திரும்பி வந்தார். சந்தையடியிலேயே பொலிஸ் பிடித்துவிட்டது. ஒற்றன் என்று கொழும்புக்கு ஏற்றினால் பிறகு ஆளைக் காணவே ஏலாது என்று சனம் சொன்னது. நான் ஸ்டேஷனுக்கு, அந்த இன்ஸ்பெக்டரிடம் ஓடினேன். இவரையும் அங்கேதான் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"என்ர மனுசன் கம்பி நீட்டினதெண்டு ஆர் ஐயா சொன்னது?"

"உங்கட முன்வீட்டுப் பொம்பிளை. வீட்டுக்காரர் எங்கே எண்டு எங்கட பொலிஸ்காரர் கேக்க, அவர் எப்பவோ கம்பி நீட்டிட்டார் எண்டு சொல்லியிருக்கிறா."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கேட்டுப் போன பொலிஸ்காரர் தெற்கிலிருந்து வந்த சிங்களவர், தமிழைப் புத்தகத்தில் படித்தவர். அவருக்குக் கம்பி என்றால் கம்பி, அதுவும் ஒற்றன் தந்திக்கு நீட்டுகிற கம்பி. ஆனால் அவள் சொல்லிக் கொடுத்தது பொய்யில்லையே! எனக்கு அது இன்னும் எரிந்தது.

"ஐயா, கம்பி நீட்டிறதெண்டால் எங்கட கதையில ஓடிப்போறது. வேற ஒண்டுமில்லை."

இன்ஸ்பெக்டர் என் கணவரைப் பார்த்தார். "நீர் ஓடினனீரோ?"

"இல்லை ஐயா. வண்டில் பாக்கப் போனனான்."

"வெருகல் வரைக்குமோ?"

"ஓம்."

"அப்ப ஓடேல்லை. கம்பிதான் நீட்டியிருக்கிறீர்."

ஓடினேன் என்று ஒரு சொல் சொன்னால் இவர் வீட்டுக்கு வரலாம். அந்த ஒரு சொல்லுக்கு வெட்கப்பட்டு மறியல் வீட்டுக்குள் கிடக்கத் தயாராக நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஓடினவர் ஐயா! பெண்சாதியை விட்டிட்டு ஓடினவர். சந்தையில கேட்டுப் பாருங்கோ, ஊருக்கே தெரியும்."

பொலிஸ்காரர்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "அவர் தன்ர வாயால சொல்லட்டும்."

"இஞ்சாருங்கோ, சொல்லித் துலையுங்கோவன்" என்றேன்.

நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஓம், ஓடினனான்" என்றார். விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வரும்போது எனக்கு முன்னால் நடந்தார். எங்கள் வீட்டு ஒழுங்கை முடக்கில் திரும்பிப் பார்த்தார்.

"நான் வண்டில்தான் பாக்கப் போனனான்."

"ஓடினதெண்டு சொன்னியளே?"

"நீ சொல்ல வைச்சனீ."

சாகும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகளும் பாவம், நம்பினார்கள். நான் நம்பவில்லை. வண்டில் பார்க்கப் போகிற மனுசன் தன்னுடைய நல்ல சட்டை இரண்டையும் மடித்து எடுத்துக்கொண்டா போவார்?