துண்டு டேப்

போன மாதம் கப்பலூரில், நெடுஞ்சாலை ஓரத் தள்ளுவண்டிக் கடையில் என் மகன் ஃப்ரைடு ரைஸ் கேட்டான். கடைக்காரர் சோற்றைப் புரட்டிக்கொண்டே வினிகர் பாட்டிலைக் கவிழ்க்க, குப்பென்று ஆவி எழுந்தது. நான் அங்கேயே, அத்தனை பேருக்கு நடுவில், "ஐயோ, டேப் லைப்ரரி" என்று சொல்லிவிட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேறு ஆளாக இருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பான்.

விஷயம் இதுதான். மிகப் பழைய ஒலிநாடாக்கள் கெட்டுப்போகும்போது அவற்றிலிருந்து வினிகர் வாசனை வரும். நான் கல்லூரி முடித்த கையோடு தற்காலிக அறிவிப்பாளராகச் சேர்ந்த வானொலி நிலையத்தில் அந்த வாசனைதான் எங்களுக்குச் சாம்பிராணி. மதுரைக்குத் தெற்கே, கரிசல் மண் கண்ணில் படத் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது நிலையம். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். சின்ன ஊர், சின்ன நிலையம். பெரிய நிலையங்கள் ஓட்டிக் களைத்த டேப்புகள்தான் எங்களுக்கு வந்து சேரும், அண்ணன் சட்டை தம்பிக்கு வருகிற மாதிரி.

ஆனால் சுற்றுவட்டாரத்துக்கு அது எவ்வளவு பெரிய இடம் தெரியுமா? ஸ்டூடியோவுக்குள் கம்பளம் விரித்திருக்கும் என்பதால் செருப்பை வெளியே விட வேண்டும். வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே உள்ளே வில்லுப்பாட்டுக் குழுவா, வேளாண்மை அதிகாரியா என்று சொல்லிவிடலாம். கிராமத்திலிருந்து பேச வருகிறவர்கள் ஏசிக் குளிருக்குத் துண்டால் தோளைப் போர்த்திக்கொண்டு, சன்னிதியில் நிற்பது போலக் கிசுகிசுப்பார்கள். மைக்கைப் பார்த்துக் கும்பிட்டவர்களும் உண்டு. நான் மட்டும் என்ன வாழ்ந்தது? வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டிலும் ரேடியோக் குரலில்தான் பேசுவேன். "நியூஸ் வாசிக்கிற மாதிரி சாம்பார் கேக்காதடி" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்தப் பெருமைக்கெல்லாம் நடுவில் ஒரே பஞ்சம், டேப் பஞ்சம். ஒரு நிகழ்ச்சி ஒலிபரப்பாகிச் சில வாரம் ஆனதும் அதை அழித்துவிட்டு, அதே டேப்பில் அடுத்ததைப் பதிவு செய்வோம். திறப்பு விழாப் பேச்சுகளுக்கு மட்டும் 'நிரந்தரம்' என்று சீட்டு ஒட்டி அலமாரியில் ஏற்றுவார்கள். மிளகாய்க்கு மருந்தடிக்கிற விவசாயிக்கும் நாற்று நடவுப் பாட்டுக்காரிக்கும் அந்தச் சீட்டு கிடைக்காது. எனக்கு இன்னும் அதில் கோபம் உண்டு. இன்று அந்தத் திறப்பு விழாப் பேச்சுகளைக் கேட்க ஒருவரும் வருவதில்லை.

குருசாமி அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் டேப்பைப் பற்றிப் பேச முடியாது. ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டிச் சீராக்குவது அவர் வேலை. கிராமத்தில் பதிவு செய்து வந்த பேச்சில் இருமல், தும்மல், நாய் குரைப்பு, "இப்பப் பேசவா சார்?" எல்லாம் இருக்கும். அவற்றை பிளேடால் கச்சிதமாக நறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒட்டுவார். நறுக்கிய துண்டுகள் தரையில் பாம்புச் சட்டை மாதிரி கிடக்கும். மற்ற நிலையங்களில் அதைப் பெருக்கித் தள்ளுவார்கள். அண்ணனுக்கு மனசு வராது. "ஒரு மொழம் டேப்பக் குப்பையில போட்டாலும் வயிறு எரியுதும்மா" என்பார். எல்லாத் துண்டையும் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரு சக்கரத்தில் சுற்றி வைத்திருந்தார். இயந்திரத்தைத் துடைத்த பிறகு சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க அதைத்தான் ஓட்டுவார். அதற்குத் 'துண்டு டேப்' என்று பெயர்.

ஒவ்வொரு நாளும் ஒலிபரப்புக்கு முன்னால் அது ஓடும். யாரோ தொண்டையைச் செருமுவார், யாரோ தண்ணீர் கேட்பார். பிறகு ஒரு கட்டைக் குரல், "ஏய் பாண்டியம்மா, அந்தக் கோழிய வெரட்டு" என்னும். அந்த இடத்தில் எல்லோரும் சிரிப்போம், அண்ணன் டேப்பை நிறுத்திவிடுவார். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் அவர் எங்களில் ஒருவராகிவிட்டார். டீ வர நேரமானால், ஃபேன் நின்றுபோனால், மேலிடத்து ஆள் சோதனைக்கு வந்தால், "பாண்டியம்மா, கோழிய வெரட்டு" என்போம். எங்கள் கறாரான நிலைய இயக்குநர்கூட ஒருமுறை சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று சுற்றிப் பார்த்தார்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் காலை. நிலையத்தின் பெயரைச் சொல்லி வணக்கம் கூறினேன். அடுத்து பக்திப் பாடல் வர வேண்டும். இயந்திரம் மக்கர் செய்தது. குருசாமி அண்ணன் அவசரமாகத் துடைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் துண்டு டேப்பை மாட்டி ஓட்டினார். ஒலிபரப்புக்குப் போகிற பொத்தானை இறக்கி வைக்க மறந்துவிட்டார். நேயர்களே, மதுரைச் சீமையின் தென்பாதி முழுக்க அன்றைக்குப் பொழுது விடிந்தது ஒரு செருமலோடும், "ஏய் பாண்டியம்மா, அந்தக் கோழிய வெரட்டு" என்ற அதட்டலோடும்தான். தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று சொல்வதற்குள் எனக்குச் சிரிப்பில் மூச்சு முட்டிவிட்டது.

இயக்குநர் சிரிக்கவில்லை. "குருசாமி, எழுத்துமூலமா விளக்கம் குடுங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். அண்ணன் வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோழியை எப்படி ஆபீஸ் தமிழில் எழுதுவது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசல் காவலர் உள்ளே வந்தார். "அண்ணே, வெளிய ஒரு அம்மா நிக்குது. பேரு பாண்டியம்மாவாம்."

"போ மாப்ள, நானே நொந்து போயி ஒக்காந்துருக்கேன்" என்றார் அண்ணன்.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். வாசல் வேப்பமரத்தடியில், கையில் ஒயர்கூடையோடு ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பதுகளில் இருக்கலாம். டி. கல்லுப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், பஸ் மாறி வந்திருக்கிறார்.

"காலையில எங்க வீட்டுக்காரரு ரேடியோல என்னையக் கூப்புட்டாரு தாயி" என்றார். "அதான் வந்தேன்."

"அவரு இப்ப எங்கம்மா இருக்காரு?" என்று கேட்டேன்.

"அவரு போயிச் சேந்து வருசம் ஆகப்போகுது. தொழுவத்தக் கூட்டிக்கிட்டு இருந்தேன். பக்கத்து வீட்டு ரேடியோல அவரு கொரலு. இந்தா வாரேன்னு சொல்லிட்டேன், என்னைய அறியாம. அப்பறந்தான் நெனப்பு வந்துச்சு."

அவர் கணவர் பெயர் முத்தையா. பருத்தியில் புழு விழுவது பற்றி எங்கள் விவசாய நிகழ்ச்சிக்காக அவர் வீட்டு முற்றத்தில் வைத்துப் பேட்டி எடுத்திருக்கிறார்கள். என் பின்னாலேயே வந்து நின்ற குருசாமி அண்ணன் லைப்ரரிக்கு ஓடினார். திரும்பி வந்தபோது அவர் முகமே சொல்லிவிட்டது. பேட்டியை எப்போதோ அழித்து, அதன்மேல் ஏதோ ஒரு கட்டடத் திறப்பு விழாவை ஏற்றியிருந்தார்கள். அவர் தயங்கித் தயங்கி அதைச் சொன்னார்.

பாண்டியம்மா அதற்குக் கலங்கவில்லை. "அது போனாப் போகுதுய்யா. ஒலிபரப்பானப்ப கேட்டேன். அவரு மாதிரியே இல்ல. யாரோ ஆபீசரு பேசுற மாதிரி இருந்துச்சு. காலையில போட்டீகளே, அதத்தான் கேக்கணும்."

சத்தம் கேட்டு இயக்குநர் வெளியே வந்தார். நின்றபடியே முழுவதும் கேட்டுக்கொண்டார். "உள்ள கூட்டிட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பாண்டியம்மா செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். டேப் ஓடியது. செருமல். "ஏய் பாண்டியம்மா, அந்தக் கோழிய வெரட்டு." எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

"அது எங்க கோழியே இல்ல" என்றார் அவர். "பக்கத்து வீட்டுக் கோழி. ஏச்சு மட்டும் எனக்கு."

வழக்கமாக அந்த இடத்தில் நிறுத்துகிற குருசாமி அண்ணன் அன்றைக்கு நிறுத்தவில்லை. கை வரவில்லை என்று பிறகு சொன்னார். டேப் மேலே ஓடியது. அதே கட்டைக் குரல், ஆனால் இப்போது தணிந்து, பேட்டி எடுத்தவரிடம் சொன்னது: "அவ என்ன சார் செய்வா, பாவம். அம்புட்டு வேலையும் அவதான் பாக்குறா. புழு எப்ப விழும், எப்ப மருந்தடிக்கணும்னு என்னையவிட அவளுக்குத்தான் தெரியும். அவளையே பேசச் சொல்லலாமா?" அதற்கு எங்கள் ஆள் என்ன பதில் சொன்னார் என்று இல்லை. அதற்குள் அடுத்த துண்டு, வேறு ஊர், வேறு யாரோ தும்மினார்கள்.

தினமும் ஓடிய டேப். நாங்கள் கேட்டதெல்லாம் கோழி வரைக்கும்தான்.

பாண்டியம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். "எங்கிட்ட ஒருநாளும் இப்படிச் சொன்னதே இல்லையே" என்றார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "இன்னொருக்கா போடுவீகளா?" என்றார். அண்ணன் போட்டார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் போட்டார்.

அவர் முகம் கழுவப் போயிருந்தபோது அண்ணன் இயக்குநரிடம் மெதுவாகக் கேட்டார். "சார், ஒரு கேசட்டுல ஏத்திக் குடுத்துரட்டுமா? நிலையத்து ஒலிப்பதிவு எதையும் வெளிய குடுக்கக் கூடாதுங்கிறது தெரியும்…"

"லைப்ரரியில இதுக்கு நம்பர் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப இப்படி ஒரு டேப்பே கெடையாது. இல்லாத ஒண்ண நீங்க யாருக்குக் குடுத்தா எனக்கென்ன?"

சொல்லிவிட்டு, அண்ணன் மேசையிலிருந்த வெள்ளைத்தாளையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார். விளக்கம் என்ன ஆயிற்று என்று அதன்பிறகு அவர் கேட்கவே இல்லை. விதிகளைத் தலையணையாக வைத்துத் தூங்கிய அதிகாரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு விதியைப் பிடித்துக்கொண்டே இவ்வளவு அழகாக நடந்துகொண்ட மனிதரை நான் அப்புறம் பார்க்கவில்லை. அவர் மேல் எனக்கு இன்றைக்கும் பெரிய மரியாதை.

ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்ட மறுநாள் நிலையத்துக்குப் போன் செய்தேன். பிரவீன் என்ற பையன் பேசினான். மிச்சமிருக்கும் டேப்புகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறானாம். "பழைய குரல்கள அடையாளம் சொல்ல ஆளே இல்ல மேடம், வாங்களேன்" என்றான். போனேன். கண்ணும் கருத்துமாக வேலை செய்கிற பிள்ளை. யார் என்று தெரியாத ஒவ்வொரு குரலுக்காகவும் வருத்தப்படுகிறான். துண்டு டேப்பைத் தேடினோம். டேப் சக்கரம் ஓட்டுகிற பழைய ஸ்பூல் இயந்திரங்களை ஏலத்தில் விட்டபோது நம்பர் இல்லாததையெல்லாம் சேர்த்து அள்ளிப் போட்டுவிட்டார்கள். இப்போது பிரவீன் ஒரு இருமலை எடுக்க வேண்டுமென்றால் திரையில் தொடுகிறான், அது போய்விடுகிறது. வெட்டிய துண்டு விழுவதற்குத் தரைகூட இல்லை. குருசாமி அண்ணனும் இல்லை.

கதையைச் சொன்னதும் அவன் துள்ளிவிட்டான். "அந்த அம்மாகிட்ட கேசட் இருக்கும்ல? வாங்க போவோம்."

இருந்தது. பாண்டியம்மாவும் இருந்தார், முடி நரைத்து, நடை தளர்ந்து. என்னை அடையாளம் தெரியவில்லை, குரலைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். கேசட்டைப் பட்டுச்சேலை மடிப்புக்குள் வைத்திருந்தார். அவர் வீட்டு டேப் ரிக்கார்டர் கெட்டுப்போய்ப் பல காலமாம். பிரவீன் கையோடு கொண்டுபோயிருந்த கருவியில் போட்டான். நாடா இழுபட்டு, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. ஆனாலும் முத்தையா இருந்தார். பாண்டியம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கேசட்டை எடுத்துக்கொண்டார்.

"பாட்டி, ஒரு ரெண்டு நாள் குடுங்க. கம்ப்யூட்டர்ல ஏத்திட்டுப் பத்திரமாத் தந்துர்றேன்" என்றான் பிரவீன். "அப்பறம் எத்தன காலம் ஆனாலும் அழியாது. யாரு வேணும்னாலும் கேக்கலாம்."

"வேணாம்யா" என்றார்.

"இது இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்கும் பாட்டி. நாடா நைஞ்சு போச்சு."

"ஊருக்குப் பேசுனத நீங்க அழிச்சிட்டீக. அதப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல. இது என்னையச் சொன்னது. ஊரு கேக்க வேணாம்." கேசட்டை மறுபடி சேலை மடிப்புக்குள் வைத்தார். "கொஞ்ச நாள் தாங்குமில்ல? போதும். நானும் அம்புட்டு நாள்தான் இருப்பேன்."