ஒன்றரை அடி ஒயர்

பெரியநாயக்கன்பாளையம் தாண்டி ஒரு கல் லாரியை முந்தும்போது எங்கள் கார் திடீரென்று சோர்ந்தது. ஓட்டியது கல்லூரியில் படிக்கும் என் மகள். பக்கத்தில் நான். எதிரே பஸ். அவள் பிரேக்கை மிதித்து லாரிக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டாள். கத்தியது நான்தான்.

"ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சேனுங்கப்பா. வண்டிதான் போகல."

"கியர் மாத்தத் தெரியாதவங்க எல்லாம் வண்டியத்தான் சொல்லுவாங்க."

சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். இனி அவள் காரைத் தொடக்கூடாது, கல்லூரிக்கு பஸ்தான் என்று அங்கேயே தீர்ப்பும் சொன்னேன்.

பம்ப் மோட்டார் பட்டறை வைத்திருப்பவன் இன்னொரு மெக்கானிக்கிடம் போவது கௌரவக் குறைச்சல். ஆனால் டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு அணையவில்லை, மனைவியும் விடவில்லை. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வைத்த கார்கள் பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். மகளும் வந்தாள், வழக்கில் தீர்ப்பு மாறுமா என்று பார்க்க.

அவர் டேஷ்போர்டுக்கு அடியில் இரண்டு பின்களை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தார். விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டியது. எத்தனை சிமிட்டல் என்று மகள் எண்ணிச் சொன்னாள். அந்த எண்ணுக்கு என்ன கோளாறு என்று கசங்கிய ஜெராக்ஸ் தாளில் தேடிவிட்டு, "நாக் சென்சார் சர்க்யூட்டுங்க" என்றார். இன்ஜினில் தட்டல் சத்தம் வந்தால் கேட்டுச் சொல்லும் காது அது. சத்தம் கேட்டால் கம்ப்யூட்டர் இன்ஜினை அடக்கி வைக்கும்.

சென்சாரில் மீட்டரை வைத்து, பக்கத்தில் ஸ்பேனரால் லேசாகத் தட்டினார். முள் துள்ளியது. "காது நல்லாத்தான் கேக்குது." பிறகு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனவர் நின்றார்.

"ஏனுங்ணா, இதாரு போட்டது? தோட்டத்து மோட்டார் ஒயராட்ட இருக்குது!"

போன மாதம் எலி கடித்த ஒயரை மாற்றியது நான்தான். மகள் ஓட்டும் வண்டியாயிற்றே என்று பட்டறையிலிருந்து தடிமனாகப் பார்த்து ஒன்றரை அடி எடுத்துப் போட்டேன். தடித்த ஒயர்தான் நல்ல ஒயர் என்பது எங்கள் ஊரில் கடவுள் நம்பிக்கைக்குச் சமம்.

"பழசுக்கு மேல கம்பி வலை சுத்தியிருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு. சும்மா அழகுக்குன்னு நெனச்சேன்."

"அந்த வலை இல்லீன்னா ஸ்பார்க் பிளக்குல வர்ற கரண்டு இரைச்சலெல்லாம் ஒயருக்குள்ள பூந்துருமுங்ணா. கம்ப்யூட்டரு ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் பயந்துக்கிட்டு வண்டிய இழுத்துப் புடிச்சுக்கும்."

"எங்க ஊட்லயும் அப்படி ஒருத்தர் இருக்காருங்க" என்றாள் மகள்.

மெக்கானிக் சிரிக்கவில்லை, குனிந்துகொண்டார். வலை சுற்றிய ஒயரைப் போட்டு முடித்ததும் விளக்கு அணைந்தது.

மகளிடம் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எங்கள் பக்கத்து அப்பன்களுக்குக் கிடையாது. "எனக்குத் தலை வலிக்குது. நீயே ஓட்டு" என்று சாவியை நீட்டினேன். அவள் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பாதி வழியில் முன்னால் ஒரு கல் லாரி.

"முந்தட்டுங்களாப்பா?"

இல்லாத பிரேக்கை என் வலது கால் ஏற்கனவே மிதித்துக்கொண்டிருந்தது. "ம்" என்றேன். கண்ணைத் திறந்தபோது லாரி பின்னால் இருந்தது.